எட்டுச் சிறுவர்கள்... மூன்று பெண்கள்... கிண்டி பொறியியல் கல்லூரி வளர்ந்த கதை!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு தமிழ்நாட்டில் பல வீடுகளில் எழும் கேள்வி, "கிண்டி கிடைக்குமா?" என்பதுதான். கட் ஆஃப் மார்க்கைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தக் கல்லூரிக்கு வயது 230-ஐத் தாண்டிவிட்டது என்று? எட்டே எட்டுச் சிறுவர்களோடு அது தொடங்கியது என்று?

சர்வே பள்ளியாகப் பிறந்து, சிவில் இன்ஜினீயரிங் கல்லூரியாக வளர்ந்து, கட்டடக்கலைப் பள்ளியையும் சேர்த்துக்கொண்டு அண்ணா பல்கலைக்கழகமாக நிற்கிறது இந்த வளாகம். 'இங்கே யார் படிக்கலாம்?' என்ற கேள்விக்கான பதில், ஒவ்வொரு காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதில்தான் அதன் உண்மையான வளர்ச்சி இருக்கிறது.

நிலம் அளக்க ஆள் வேண்டும்!

1792-ல் திப்பு சுல்தானுடனான போர் முடிந்தபோது சேலம், திண்டுக்கல் பகுதிகள் கிழக்கிந்திய கம்பெனியின் கைக்கு வந்தன. நிலம் கிடைத்துவிட்டது. அதை அளக்க வேண்டும், வரைபடம் போட வேண்டும், வரி போட வேண்டும். அதற்கான ஆட்களை இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தால் செலவு கட்டுப்படியாகாது.

கம்பெனியின் வானியலாளராக இருந்த மைக்கேல் டாப்பிங் இதற்கு ஒரு வழி சொன்னார். 'இங்கேயே சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிடலாம்' என்பதுதான் அது. 1794 மே மாதம் ஜார்ஜ் கோட்டைக்கு அருகே சர்வே பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே சேர்க்கப்பட்ட எட்டுப் பேரும் சென்னையின் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த சிறுவர்கள். பாரிஸில் புகழ்பெற்ற 'எக்கோல் பாலிடெக்னிக்' தொடங்கப்பட்டதும் இதே 1794-ல்தான். ஐரோப்பாவுக்கு வெளியே தொடங்கப்பட்ட மிகப் பழைமையான தொழில்நுட்பப் பள்ளிகளில் ஒன்றாக சென்னைப் பள்ளி இன்றும் பேசப்படுகிறது.

பள்ளியின் பொறுப்பாளர் ஜான் கோல்டிங்ஹாம். சென்னை வானாய்வுக்கூடத்தையும் கவனித்துக்கொண்டவர். அவர் வடிவமைத்த ஒரு கட்டடத்தை சென்னைவாசிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ராஜாஜி மண்டபம்தான் அது! அந்த வானாய்வுக்கூடத்தின் கல்தூண் ஒன்று, தமிழ் உட்பட பல மொழிக் கல்வெட்டுகளோடு நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

கல்லணையும் தஞ்சைப் பெரிய கோயிலும் நிற்கும் மண்ணில் கட்டுமான அறிவு புதிதல்ல. ஏரிக்கரை போடுபவரும், கொத்தனாரும், ஸ்தபதியும் அதை அப்பாவிடமிருந்து கற்று மகனுக்குக் கொடுத்துவந்தார்கள். ஆனால், கம்பெனி ஆட்சியில் கைத்திறன் மட்டும் இருந்தால் மேஸ்திரி வேலையோடு நிற்க வேண்டியதுதான். அதிகாரியாக வேண்டுமென்றால் வகுப்பறையும் சான்றிதழும் வேண்டும். அதனால்தான் இந்தப் பள்ளிக்குள் யார் நுழைகிறார்கள் என்பது பெரிய விஷயமானது.

சேப்பாக்கத்திலிருந்து சிவப்புக் கட்டடத்துக்கு...

19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாலை, பாலம், அணை, ரயில் என்று வேலைகள் குவிந்தன. 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிவிட்டது. நிலம் அளப்பவர்கள் மட்டும் போதாது, கட்டுபவர்களும் வேண்டும் என்ற நிலை. சர்வே பள்ளி சிவில் இன்ஜினீயரிங் பள்ளியானது. 1861-ல் 'சிவில் இன்ஜினீயரிங் காலேஜ்' என்ற பெயரும் வந்தது. சேப்பாக்கம் கலச மஹாலில் பல ஆண்டுகள் இயங்கிய கல்லூரி, 1920-ல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது.

டபிள்யூ.எச். நிக்கோல்ஸ் வடிவமைத்த சிவப்புக் கட்டடம்தான் அதன் புது வீடு. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று பாடப்பிரிவுகள் பெருகின. பின்னாளில் நாகார்ஜுன சாகர் அணைத் திட்டத்தில் முக்கியப் பங்காற்றி, மத்திய அமைச்சராகவும் இருந்த கே.எல். ராவ் இங்கே படித்தவர்தான். பால் புரட்சியின் தந்தை வர்கீஸ் குரியனும் இங்கேதான் மெக்கானிக்கல் படித்தார்.

ஆனால், கல்லூரி தொடங்கி ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆகியும், மாணவர் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை.

'ஹி'யை அடித்துவிட்டு 'ஷி'!

15 வயதில் திருமணம். 18 வயதில் கணவர் மரணம். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. லலிதாவின் கதை இப்படித்தான் தொடங்கியது. கைம்பெண் என்றால் வீட்டுக்குள் முடங்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலம் அது. லலிதாவுக்கோ படிக்க வேண்டும். மருத்துவம் படித்தால் நேரங்காலம் பார்க்காமல் ஓட வேண்டியிருக்கும், குழந்தையைக் கவனிக்க முடியாது. அதனால் இன்ஜினீயரிங்கைத் தேர்ந்தெடுத்தார்.

அப்பா சுப்பா ராவ், கிண்டி கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் பேராசிரியர். மகளுக்காக முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். 1940-ல் லலிதாவுக்கு இடம் கிடைத்தது. பையன்கள் நிறைந்த கல்லூரியில் ஒரே ஒரு பெண்! அடுத்து, பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரி அறிவிக்க, கேரளத்திலிருந்து லீலம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேசியா இருவரும் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள்.

மூவரும் படித்து முடித்துப் பட்டம் வாங்கும் நேரத்தில் ஒரு வேடிக்கை. சான்றிதழில் ஆணைக் குறிக்கும் 'ஹி' என்ற ஆங்கிலச் சொல்தான் அச்சாகியிருந்தது. பெண் ஒருத்தி வந்து கேட்பாள் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. கடைசியில் 'ஹி'யை அடித்துவிட்டு, கையால் 'ஷி' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணைக்கான மின் கருவிகள் சார்ந்த பணியில் பங்கெடுத்தார். 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகள் மாநாட்டில் கலந்துகொண்டார். த்ரேசியா கொச்சி பொதுப்பணித்துறையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1971-ல் கேரளத்தின் தலைமைப் பொறியாளர் நாற்காலியில் அமர்ந்தார். நாட்டிலேயே அந்தப் பதவியைத் தொட்ட முதல் பெண் அவர்தான். சாலை போட ரப்பர் கலந்த தாரைச் சோதித்துப் பார்த்தவரும் அவரே.

வீட்டை விற்றவரும் கவிதை எழுதியவரும்

கிண்டியைச் சுற்றி மற்ற கல்லூரிகளும் முளைத்தன. 1944-ல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. 1949-ல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி-யைத் தொடங்கிய சி. ராஜம், அதற்காகத் தன் வீட்டையே விற்றவர். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கேதான். கட்டடத்தைத் தாங்கும் கணக்கை சிவில் வகுப்பு சொல்லிக்கொடுக்கும். அதில் மனிதர்கள் எப்படி வாழ்வார்கள் என்பதை யோசிக்க ஓர் இடம் வேண்டுமே! 1957-ல் கட்டடக்கலைக்கெனத் தனித் துறையும் தொடங்கப்பட்டது.

இந்த நான்கையும் இணைத்து 1978 செப்டம்பர் 4 அன்று உருவானதுதான் 'பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்'. 1982-ல் அது 'அண்ணா பல்கலைக்கழகம்' ஆனது. 1980-களில் துணைவேந்தராக இருந்த வா.செ. குழந்தைசாமி, நீரியலில் உலகறிந்த சிவில் இன்ஜினீயர். தமிழில் கவிதை எழுதி, 'வாழும் வள்ளுவம்' நூலுக்காக சாகித்ய அகாடமி விருதும் பெற்றவர்.

கதவு இன்னும் எவ்வளவு திறக்கும்?

1997-ல் ஒற்றைச்சாளர கவுன்சலிங் வந்தபிறகு, கையில் ஃபைலும் மனதில் பதற்றமுமாக அப்பா அம்மாக்கள் இந்த வளாகத்துக்கு வரிசையாக வந்தார்கள். 2018 முதல் அது ஆன்லைனுக்கு மாறிவிட்டது. 2007-ல் நுழைவுத்தேர்வு போனதால், கோச்சிங் சென்டர் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தடை குறைந்தது. 2010-ல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் அதே காலத்தில் வந்தது. 2021-ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித இடஒதுக்கீடு சட்டமானது.

இடம் கிடைப்பதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு, முதல் செமஸ்டரின் ஆங்கிலப் புத்தகம் இன்றும் மலைப்பாகத்தான் இருக்கும். சிவில் படித்த பெண் சைட்டுக்குப் போனால், "வெயில்ல எதுக்கும்மா? ஆபீஸ்லயே இருக்கலாமே" என்று சொல்லும் குரல்கள் இன்னும் ஓயவில்லை. லலிதாவும் த்ரேசியாவும் எதிர்கொண்ட சுவர் இப்போது உயரத்தில் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டடத் தொழிலாளியின் மகளும் இன்று இதே கல்லூரியில் சிவில் படிக்க விண்ணப்பிக்கலாம். அப்பா சித்தாளாகக் கல் சுமந்த கட்டடத்துக்கு, நாளை அவள் வரைபடம் போடலாம். வீட்டில் யாராவது இந்த வருடம் கட் ஆஃப் கணக்கு போட்டுக்கொண்டிருந்தால், விண்ணப்பத்தை நிரப்பும் முன் 7.5 சதவிகித ஒதுக்கீடும், முதல் பட்டதாரிச் சலுகையும் தங்களுக்குப் பொருந்துமா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.