தோட்டா உறையும் குத்துவிளக்கும்

சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் பழைய சங்கிலியைக் கழுவக் கொடுத்தால், சோப்புக் கரைசல் நிரப்பிய சிறிய எஃகுத் தொட்டியில் அதைப் போட்டு விசையைத் தட்டுவார்கள். மெல்லிய இரைச்சல் எழும். கண்ணிகளின் இடுக்கிலிருந்து புகை கிளம்புவதுபோல் அழுக்கு நீரில் பரவும். தூரிகை நுழையாத இடத்தில் வருடக்கணக்கில் படிந்த வியர்வையும் மஞ்சளும் சந்தனமும் சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும். மூக்குக் கண்ணாடிக் கடைகளில் இருப்பதும் இதே மீயொலித் தொட்டிதான். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. சுட்டு முடித்த துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை உறையை இதில்தான் பலர் கழுவுகிறார்கள்.

தோட்டாவில் குண்டு பறந்து போகும், மருந்து எரிந்து போகும், உறை மட்டும் தங்கும். பெரும்பாலும் விலை கூடிய பாகமும் அதுதான். குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் அந்த உறையைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்குச் சீராக்கி, மருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்துப் பலமுறை பயன்படுத்துகிறார்கள். சிங்கப்பூரில் வீட்டில் உட்கார்ந்து தோட்டா செய்யச் சட்டம் இடம் தராது. தேசிய சேவை முடித்த நம் பிள்ளைகளுக்குக் காலி உறை என்றதும் வேறொன்றுதான் நினைவுக்கு வரும். சுடுதளத்தை விட்டுக் கிளம்புமுன், தோட்டாவோ அதன் எந்தப் பகுதியோ தன்னிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் உரக்க உறுதி சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தப் பித்தளை இந்த ஊருக்கு அந்நியமானதல்ல. நாடு விடுதலை பெற்ற இரண்டாம் ஆண்டிலேயே, 1967இல், சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர் என்ற அரசு நிறுவனம் துப்பாக்கித் தோட்டா தயாரிப்பதற்காகத் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதன் கீழேயே சிங்கப்பூர் நாணயச் சாலையும் வந்தது. தோட்டாவும் காசும் ஒரே நிறுவனத்தின் கீழ் உருவானதில் வியப்பில்லை. இரண்டுமே உலோகத் தகட்டை வெட்டி, அழுத்தி உருவம் கொடுக்கும் வேலை.

தோட்டா உறைக்கான பித்தளையில் 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். வட்டமாக வெட்டிய தகட்டைக் கிண்ணமாக்கி, அந்தக் கிண்ணத்தை இழுத்து இழுத்து நீளக் குழாயாக்க வேண்டும். அவ்வளவு இழுப்புக்கும் கிழியாமல் ஈடுகொடுப்பது இந்தக் கலவை. சுடும்போது சற்று விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கும், அடுத்த கணமே சுருங்கி வெளியே வந்துவிடும்.

சுட்ட உறையின் உள்ளே கரி படிந்திருக்கும். அடியில், பிரைமர் இருந்த குழியில், கெட்டியான எச்சம் ஒட்டியிருக்கும். வழக்கமான பிரைமரில் ஈயச் சேர்மம் உண்டு என்பதால் அந்த எச்சத்திலும் ஈயம் இருக்கும். வால்நட் ஓட்டுத் தூளோடு உறைகளை உருளையில் போட்டுச் சுழற்றுவது பழைய முறை. பளபளப்பு வரும், ஆனால் ஈயம் கலந்த தூசியும் காற்றில் எழும். நீரில் கழுவினால் அந்தத் தூசி கிளம்பாது. அதற்காக அந்தக் கழுவுநீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. உறை கழுவிய மீயொலித் தொட்டியில் பிறகு வேறு எதையும் கழுவவும் கூடாது.

மீயொலி அங்கே செய்வது என்ன? தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பீங்கான் வில்லைகள் மின்சாரம் பட்டதும் நொடிக்கு ஏறத்தாழ 40,000 முறை அதிர்கின்றன. அந்த அதிர்வு நம் காதுக்கு எட்டாது, கேட்கும் இரைச்சல் குமிழிகளுடையது. ஒலியலை நீரை ஒரு கணம் இழுக்கிறது, மறுகணம் அழுத்துகிறது. இழுக்கும்போது நுண்ணிய குமிழிகள் பிறந்து வளர்கின்றன. அழுத்தும்போது அவை நொறுங்குகின்றன. உலோகப் பரப்பை ஒட்டியிருக்கும் குமிழி எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்க முடியாது. அதனால் நீர் ஊசிபோன்ற தாரையாகப் பரப்பை நோக்கிப் பாய்கிறது. அழுக்கைப் பெயர்ப்பது அந்தத் தாரையும் நொறுங்கலில் எழும் அதிர்ச்சியலையும்தான். குமிழி நொறுங்குவதன் கணக்கை ரேலி பிரபு 1917இலேயே போட்டுவிட்டார். கப்பல் சுழலிகளின் இலைகள் ஏன் அரித்துப் போகின்றன என்பதே அன்றைய கேள்வி. கப்பலுக்குக் கேடாக இருந்தது கழுவும் தொட்டிக்குக் கருவியாகிவிட்டது.

சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடலிலும் இதே குமிழிகள் ஓயாமல் நொறுங்குகின்றன. வெதுவெதுப்பான ஆழமில்லாத நீரில் வாழும் ஒருவகைச் சிறு இறால், தன் பெரிய கொடுக்கைப் படீரென்று மூடி நீர்த்தாரையைப் பீய்ச்சும். அதில் பிறக்கும் குமிழி நொறுங்கும் அதிர்ச்சியிலேயே இரை மயங்கிவிடும். சத்தம் கொடுக்கு மோதுவதால் வருவதல்ல, குமிழி நொறுங்குவதால் வருவது என்று 2000இல் அதிவேகப் படமெடுத்து நிரூபித்தார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் நீரொலி ஆய்வாளர்கள் ஒருபடி மேலே போய், இந்த இறால்களின் இரைச்சலையே வெளிச்சமாகக் கொண்டு கலங்கிய நீருக்குள் பொருள்களைப் ‘பார்க்க’ முயன்றார்கள். நம் கடலின் பெரிய குறையான இரைச்சலை வசதியாக மாற்றிய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

தொட்டிக்கு வருவோம். வெறும் தண்ணீரும் அதிர்வும் கரியைப் பெயர்க்கும், பித்தளையின் கறுப்பைப் போக்காது. கரி மேலே ஒட்டிய அழுக்கு. கறுப்பு அப்படியல்ல, செம்பு காற்றோடு வினைபுரிந்து உண்டான ஆக்சைடு. அதைக் கரைக்க அமிலம் வேண்டும். தோட்டா உறை கழுவுபவர்கள் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தை மிகக் கொஞ்சமாகச் சேர்த்து, நீரைச் சூடாக்கி, சில நிமிடங்களில் எடுத்துவிடுகிறார்கள். நம் வீட்டில் புளி போட்டு விளக்குவது இதே வேதியியல்தான். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அமிலம் கூடினாலோ நேரம் நீண்டாலோ பித்தளை இளஞ்சிவப்பாக மாறும். துத்தநாகம் பரப்பிலிருந்து கரைந்துபோய்ச் செம்பு எஞ்சி நிற்பதன் அடையாளம் அது.

அமிலத்தையாவது நிறம் மாறுவதைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். பித்தளையின் பெரிய எதிரி அம்மோனியா. அந்தப் பாடம் கிடைத்தது இந்தியாவில். பிரிட்டிஷ் இந்தியப் படையில் மழைக்காலம் முடிந்து தோட்டாக்களை எடுத்துப் பார்த்தபோது உறைகள் பிளந்திருந்தன. குறிப்பாகக் குண்டை இறுக்கிப் பிடிக்கும் கழுத்துப் பகுதியில் விரிசல். யாரும் சுடவில்லை, கீழே போடவும் இல்லை. ‘பருவ விரிசல்’ என்று பெயர் வைத்தார்களே தவிர, காரணம் நெடுநாள் பிடிபடவில்லை. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் விடையைத் தெளிவாக வெளியிட்டார்கள். மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து செம்பைக் கரைத்தது. பித்தளையை இழுத்து வடித்தபோது உள்ளே தங்கிய இறுக்கம், அரிப்பு விழுந்த இடத்தில் பிளவாகத் திறந்தது. அம்மோனியா, ஈரம், உள்ளிறுக்கம் மூன்றும் சேர்ந்தால்தான் விரிசல். செய்து முடித்த உறையை மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்தினால் போதும் என்பது அவர்கள் கண்ட தீர்வு. இன்று குழாய், வால்வு செய்பவர்களும் அதைப் பின்பற்றுகிறார்கள்.

அனுபவமுள்ள எவரும் அம்மோனியா கலந்த பாலிஷைத் தோட்டா உறையில் தொடமாட்டார்கள். நம் பூசையறையும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. அச்சில் வார்த்த குத்துவிளக்கில் உள்ளிறுக்கம் குறைவு. தட்டியும் இழுத்தும் செய்த குடம், சொம்பு, தாம்பாளத்தில் அது அதிகம். சிங்கப்பூரில் ஈரத்துக்கும் குறைவில்லை. அம்மோனியாவை மட்டும் நாம் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதில்லை.

தீபாவளிக்கு விளக்குகளை இறக்கும்போது பாலிஷ் புட்டியின் லேபிளைப் படித்துப் பாருங்கள். அம்மோனியா என்றிருந்தால் குடத்துக்கும் சொம்புக்கும் அது வேண்டாம். புளி போதும். கூட உப்பு சேர்த்துத் தேய்த்தால், உப்பு ஒரு துளி தங்கினாலும் அரிப்பைத் தூண்டும் என்பதால் நன்றாக அலசுங்கள். அலசியதும் உலர்ந்த துணியால் உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். நகைக்கடையின் மீயொலித் தொட்டியில் தங்கத்தையும் வைரத்தையும் தாராளமாகப் போடலாம். முத்து, மரகதம் பதித்த நகை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்தக் குமிழிகளை அவை தாங்கா.