உணவுக் களஞ்சியமும் ஊரார் நம்பிக்கையும்

நெல் விளையும் நாட்டில் பசியும் உண்டோ என வினவுவார் உளர். தஞ்சையினின்றும் ஒரத்தநாட்டின் வழியே பட்டுக்கோட்டைக்குச் செல்வார்க்கு இருமருங்கும் வயல்களும் தென்னந்தோப்புகளுமே தோன்றும். ஆயினும் இப்பகுதி கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூர் அணை திறந்து பல நாள் கழிந்தே நீர் வந்தெய்தும். சம்பா அறுவடை முடிந்தபின் அடுத்த நடவு தொடங்கும்வரை உழவுக் கூலியாளர்க்கு வேலை அரிது. தமிழ்நாட்டில் 2011 சூன் முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பெறுதலின், பழங்காலத்துப் பஞ்சம் இன்று இல்லை. எனினும் பருப்பும் எண்ணெயும் காய்கறியும் பாலும் பொருள் கொடுத்தே பெறற்பாலன. கூலியற்ற வீட்டில் அவை எங்ஙனம் வரும்? ஆகவே, பசி விளைவுக் குறையால் மட்டும் வருவதன்று. விளைந்தது வேண்டுவார் கையை அடையாமையாலும் வருவது. இவ்விடைவெளியை நிரப்ப எழுந்தவையே உணவு வங்கிகள். அவற்றின் இயல்பையும், அவை எதனால் நிலைபெறுகின்றன என்பதனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

உணவு வங்கி என்னும் அமைப்பு அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரில் 1967ஆம் ஆண்டில் தோன்றியது. ஜான் வான் ஹெங்கல் என்பார், கடைக்காரர் கழித்துவிடும் நல்ல உணவுப் பொருள்களைக் கேட்டுப் பெற்றுக் கிடங்கொன்றிற் சேர்த்து, ஏழைகட்கு உணவளிப்பார்க்குப் பகிர்ந்தளித்தார். மிகுதியுடையார் இடுதற்கும் குறையுடையார் எடுத்தற்கும் பொதுவாக ஓரிடம் வேண்டும் என்பதே அதன் கருத்து. நம் நாட்டில் பிறிதொரு வகையும் உண்டு. 1996-97ஆம் ஆண்டில் இந்திய அரசினர் தொடங்கிய சிற்றூர்த் தானிய வங்கித் திட்டத்தின்படி, வறிய குடும்பத்தார் வேலையற்ற நாளில் தானியத்தைக் கடனாகப் பெற்று, அறுவடைக்குப்பின் திருப்பி அளந்தனர். முன்னையது கொடை, பின்னையது கைம்மாற்று. பின்னையதில், பெறுவார் இரவலர் ஆகார். வட்டிக்கு விடுவார் வாயிலிலும் நில்லார்.

மணிமேகலையின் அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. நம் களஞ்சியமோ இட்டாலன்றி நிறையாதது. ஆதலின் அதற்கு மூன்று தொழில்கள் இன்றியமையாதன: சேர்த்தல், காத்தல், பகிர்தல். ஈர நெல்லை உலர்த்தாது குவித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய சரக்கை முன்னும் புதியதைப் பின்னும் வழங்காவிடின் வண்டு விழும். கணக்கு ஒழுங்காக எழுதப்படாவிடின் ஐயம் விழும். வண்டினும் கொடியது ஐயம். ஒரு மரக்கால் நெல் காணாமற் போயிற்றென்னும் பேச்சு எழுந்தால், மறு ஆண்டில் இடுவார் கை தானே சுருங்கும்.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி யாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. 1781ஆம் ஆண்டையொட்டி ஐதர் அலியின் படைகள் தஞ்சைச் சீமையைப் பாழ்படுத்தின. நாள்தோறும் காலையில் கோட்டைத் தெருக்களிற் பிணங்கள் கிடந்தன. காவற்படையினரும் பசியால் தளர்ந்து வீழ்ந்தனர். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது, கொணர்வார் இலர். முன்னர் விலை பெறாது ஏமாற்றப்பட்டமையின், குடியானவர் அரசரையும் நம்பிலர், கும்பினியாரையும் நம்பிலர். அந்நிலையில் துளசா மன்னர், குடிகளோடு உடன்படிக்கை செய்யும் உரிமையைச் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒப்புவித்தார். ஐயர் நாற்றிசைக்கும் கடிதம் போக்கி, விலையைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், பகைவர் கவரும் மாட்டிற்கும் ஈடு செய்வதாகவும் உறுதி கூறினார். ஓரிரு நாளில் 1,000 எருதுகளுக்கு மேல் வந்து சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பொருட்படுத்தாது நாட்டுப்புறம் சென்று, 80,000 கலம் தானியத்தைக் கோட்டைக்குட் கொணர்ந்தனர். இடர் நீங்கியபின் ஐயர் தாம் சொன்னவாறே யாவர்க்கும் விலை கொடுத்து அனுப்பினார்.  அவரிடம் பிறழாத சொல் ஒன்றே இருந்தது. அச்சொல்லே அன்று களஞ்சியத்தைத் திறந்தது.

அவ்வையரின் அரவணைப்பில் வளர்ந்த சரபோசி மன்னர், இராமேசுவரம் செல்லும் வழிநெடுகிலும் தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களைப் பேணினார். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தைத் தாமே எடுப்பித்தார். அச்சத்திரங்களின் அறம் குலையாதிருத்தல் வேண்டித் தஞ்சை ரெசிடெண்டு டாரின் துரைக்கு 1801ஆம் ஆண்டில் அவர் எழுதிய கடிதம் படிக்கத்தக்கது. எக்குலத்து வழிப்போக்கர்க்கும் சோறு, நோயுற்றார்க்கு மருந்து, கருவுற்ற பெண்டிர்க்குப் பேணுதல், கைக்குழந்தைகட்குப் பால், நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதார் எவரேனும் உளரோ என அழைத்தல். இம்மணியோசையே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. வந்து கேட்டவர்க்கு இடுதல் எளிது. கேளாது ஒதுங்கி நிற்பவரைத் தேடி இடுதலே அரிது.

அதன் அருமையைப் பட்டுக்கோட்டைப் பகுதி அண்மையிற் கண்டது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயலில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன, மின்சாரம் பல நாள் வரவில்லை. வெளியூர்களினின்றும் அரிசியும் உடையும் வண்டி வண்டியாக வந்தன. ஆனால் பெருஞ்சாலையை அடுத்த ஊர்களுக்குக் கிட்டிய அளவு உள்ளொடுங்கிய சிற்றூர்களுக்குக் கிட்டவில்லை. கொடுப்பார் குறைவல்லர், எவ்வீட்டில் எத்துணைப் பேர், எவர் முதியர், எவர் நோயாளர் என அறிந்து பகிர்வாரே குறைவு. ஊர்தோறும் முன்னமே ஒரு களஞ்சியமும், வீடு அறிந்த சிலரும், யாவரும் காணும் கணக்கும் இருப்பின், புயல் ஓய்ந்த அன்றே அடுப்பு எரியும்.

நண்பர்காள்! இதற்குப் பெரும்பொருள் வேண்டுமென மலைக்க வேண்டா. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைக்கும் வழக்கம் நம் கிறிஸ்தவ இல்லங்களில் நெடுநாளாக உண்டு. பிற சமயத்தாரிடத்தும் உண்டு. அப்பிடியரிசி ஊர்க் களஞ்சியத்தின் முதற் படியாகலாம். நமது விடுதியில் நாள்தோறும் மிஞ்சுவதையும் நாம் எண்ணிப் பார்த்தல் தகும். ஐந்து அப்பங்களால் திரளான மக்களை உண்பித்த நம் ஆண்டவர், அவர்கள் உண்டபின் எஞ்சிய துணிக்கைகளும் வீண்போகாவண்ணம் சேர்க்கப் பணித்தாரன்றோ? கூடைகளைச் சுமந்தவர் அன்று சீடர்; இன்று சுமக்க வேண்டியவர் நாம்.