சனிக்கிழமை ஓட்டமும் ஒரு பை தக்காளியும்

சனிக்கிழமை காலை எட்டு மணி. ஜான்-டலோன் சந்தையில் கடைக்காரர்கள் தக்காளிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் வியர்வையில் நனைஞ்ச பெனியனோடு, இடுப்பில் மடித்துச் செருகிய துணிப்பையோடு ஒருவர் கத்தரிக்காயை அமத்திப் பார்த்துக்கொண்டு நின்றால், அது பெரும்பாலும் நான்தான். வெட்கம் எல்லாம் போய் இரண்டு வருஷம் ஆச்சு.

"இந்த வயசில உனக்கு என்னத்துக்கு மரதன்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. காரணம் பெரிசா ஒன்றும் இல்லை. நாற்பத்தொரு வயதில் செய்த இரத்தப் பரிசோதனையில் சீனி எல்லைக்கோட்டில் நின்றது. என் அப்பாவுக்கும் இதே வயதில்தான் சீனி வருத்தம் தொடங்கியது. ஐம்பத்தாறில் மாரடைப்பு. தெற்காசியர்களான எங்களுக்கு உடம்பு பருக்காமலே, மற்றவர்களை விட இளவயதிலேயே நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு அப்ப ஐந்து வயது.

ஓட வேணும் என்று முடிவெடுக்கிறது சுகம். நேரம் எங்கே? எனக்கு லாவாலில் ஒரு களஞ்சியத்தில் காலை ஏழு மணி வேலை. மனைவிக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து ஐந்தரைக்குள் எடுக்க வேணும். சனி மத்தியானம் தமிழ் வகுப்பு, ஞாயிறு கோயில், யாருடையாவது பிறந்தநாள். வெளிநாட்டில் இருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கணக்கு புதிதில்லை.

முதல் வருஷம் நான் செய்தது முழுப் பிழை. இணையத்தில் கிடைத்த ஒரு அட்டவணையை அப்படியே எடுத்து வாரத்தில் ஐந்து நாள் ஓடினேன். பிள்ளைகள் படுத்த பிறகு இரவு பத்து மணிக்கு வெளியே போவேன், காலையில் நாலரைக்கு எழும்புவேன். மூன்றே கிழமையில் ஆறு கிலோமீட்டரிலிருந்து பதினாலுக்குத் தாவினேன். முன்னங்கால் எலும்பில் நோ வந்து ஆறு கிழமை வீட்டில் இருக்க வேண்டி வந்தது. அதை விட மனைவி சொன்னதுதான் சுட்டது: "இஞ்சேருங்கோ, நீங்கள் உங்கட உடம்பைப் பார்க்கிறீங்கள். சரி. என்ர உடம்பை நான் எப்ப பார்க்கிறது?"

பதில் இல்லை. அவரும் முப்பத்தெட்டு வயது. அவருடைய அம்மாவுக்கும் சீனிதான்.

அதன் பிறகு இரண்டு பேரும் மேசையில் இருந்து, ஒரு தாளில் கிழமை நாட்களை எழுதி, ஓட்டத்தை மூன்று நாளாகக் குறைத்தோம்.

செவ்வாய் பின்னேரம் ஜாரி பூங்கா. சந்தையிலிருந்து பத்து நிமிஷ நடை. 1969 முதல் 1976 வரை மொன்றியல் எக்ஸ்போஸ் பேஸ்போல் அணி விளையாடிய இடம், இப்போது டென்னிஸ் அரங்கு. மூத்தவள் சைக்கிளில் என்னோடு வருவாள், சின்னவன் ஊஞ்சலில். என் கண்ணுக்கு எட்டுகிற அளவில் சுற்றிச் சுற்றி ஓடுவேன். மூன்று நிமிஷம் வேகம், இரண்டு நிமிஷம் மெது, ஐந்து தடவை. முன்பின் மெதுவாக ஓடுவதையும் சேர்த்து நாற்பது நிமிஷம்.

வியாழன் வேலை முடிந்து வரும் வழி. மெட்ரோவில் ஆன்றி-பூராசாவில் இறங்கி, மிச்ச நாலு ஸ்டேஷன் தூரத்தை ஓடியே வீட்டுக்கு வருவேன். ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. எப்படியும் வீட்டுக்கு வரத்தானே வேணும், அதால இந்த ஓட்டத்துக்கென்று தனியாகப் பெரிய நேரம் போகாது. பயிற்சிகளில் இதுதான் எனக்கு அதிகம் உதவியது.

சனிக்கிழமை நீண்ட ஓட்டம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி, பார்க் அவெனியூ வழியாக மொன்ட்-றோயல் மலையடி, பிறகு ஓம்ஸ்ரெட் பாதையில் வளைந்து வளைந்து மேலே. அவ்வளவு செங்குத்து இல்லை, அந்தக் காலத்தில் குதிரை வண்டிக்காகப் போட்ட சாய்வு. மேலே நின்று நகரத்தை ஒருக்கால் பார்த்துவிட்டுத் திரும்பினால் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். முடிவது சந்தையில். கிழமைக்குரிய மரக்கறி அங்கேயே வாங்கி நடந்து வீட்டுக்கு. சந்தைக்குத் தனியாகப் போற ஒரு மணித்தியாலம் மிச்சம்.

மொத்தம் கிழமைக்கு மூன்றேகால் மணித்தியாலம். அரை மரதனுக்கு, அதாவது 21.1 கிலோமீட்டருக்கு, இது எனக்குப் போதுமாக இருந்தது. மொன்றியல் மரதன் செப்டம்பரில் வரும். ஜூன் நடுவில் எட்டு கிலோமீட்டரில் தொடங்கி, கிழமைக்கு ஒன்று அல்லது ஒன்றரை கூட்டி, நாலாவது கிழமை குறைத்து, பதினெட்டு வரை போனேன். செவ்வாய் தவிர மற்ற நாட்களில் முழு வசனம் பேசக்கூடிய வேகம்தான். மூச்சு வாங்கி வார்த்தை உடைந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஞாயிறு காலை மனைவியின் நேரம். நான் தோசை சுட, அவர் ஜாரி பூங்காவில். முதலில் நடந்தார், இப்ப ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறார்.

எங்கட ஆட்களுக்கு ஓட்டம் சரிவராது என்று சொல்பவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்வேன். 1976 ஒலிம்பிக் மரதன் இதே மொன்றியலில் நடந்தது. இந்திய இராணுவ வீரர் சிவநாத் சிங் 2 மணி 16 நிமிடம் 22 விநாடியில் ஓடி பதினோராவதாக வந்தார். அடுத்தவர், சென்னை மேயராக இருந்து 2021இல் தமிழ்நாட்டு சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன். விபத்தில் முழங்கால் அடிபட்டவர், சீனி வருத்தமும் உள்ளவர். ஐம்பது கடந்த பிறகு தொடங்கி நூறுக்கு மேல் அரை மரதன் ஓடியிருக்கிறார். அவருக்கு இருந்த வேலைப்பளு எனக்கு இல்லை.

குளிர்காலம் வேறு கதை. சந்தையின் திறந்த கடைகளுக்குச் சுவர் வந்துவிடும், நடைபாதை ஐஸ் ஆகிவிடும். சப்பாத்தில் மாட்டுகிற ஆணிப்பட்டி இல்லாமல் நான் வெளியே கால் வைப்பதில்லை. மைனஸ் இருபதுக்குக் கீழே போனால் பேஸ்மென்ட் மாடிப்படிதான். தூரத்தைப் பாதியாக்குவேன், ஆனால் மூன்று நாளையும் விடமாட்டேன்.

தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் குடும்ப மருத்துவரிடம் ஒரு சொல் கேளுங்கள், சீனியோ பிரஷரோ இருந்தால் கட்டாயம். பிறகு வீட்டில் இருக்கிற மற்றவருக்கு எந்த நாள் என்று கேளுங்கள். அதை நான் ஒரு வருஷம் பிந்திக் கேட்டேன்.

போன முறை என் சீனி அளவு எல்லைக்குள் வந்திருந்தது. இந்த செப்டம்பரில் நான் அரை மரதன், மனைவி பத்து கிலோமீட்டர். அன்றைக்குப் பிள்ளைகளை யார் பார்க்கிறது என்பதுதான் இன்னும் தீராத பிரச்சினை. சித்தியைக் கேட்டிருக்கிறோம்.