புதிய மதர்போர்டு, பழைய கணினி: பழுதுக்குப் பொறுப்பு யார்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11 கட்டாயமாகக் கேட்கும் டிபிஎம் 2.0, அதாவது குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு, பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் இல்லை. எனவே முழுக் கணினியையும் கைவிடாமல் மதர்போர்டையும் பிராசஸரையும் மட்டும் மாற்றிக்கொள்வது சிக்கனமான, வரவேற்கத்தக்க வழியே. ஆயினும் மாற்றிய பின் கணினி இயங்காவிட்டால் இழப்பு யாரைச் சேரும் என்பது, பெரும்பாலும் அதை முதன்முறை இயக்குவதற்கு முன்பே, பில்லில் எழுதப்பட்டதையும் பொருத்தியவர் யார் என்பதையும் கொண்டு முடிவாகிவிடுகிறது.

பிராசஸர் அமரும் இடம் சாக்கெட் எனப்படும். இன்டெலின் இன்றைய மேசைக் கணினிப் போர்டுகளிலும் ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளிலும் நுண்ணிய ஊசிகள் சாக்கெட்டிலேயே அமைந்திருப்பதால், பிராசஸர் சாய்ந்து இறங்கினாலோ விரல் பட்டாலோ அவை வளைந்துவிடும். வளைந்த ஊசியை உற்பத்திக் குறையாகக் கொள்ளாமல், கையாண்டவரால் நேர்ந்த சேதமென்று வாரண்டியிலிருந்து விலக்குவது உற்பத்தியாளர்களின் வழக்கம். ஆகவே வாங்கும் இடத்திலேயே சாக்கெட்டின் மூடியைத் திறந்து, ஊசிகள் வரிசை குலையாதிருப்பதைக் கடைக்காரர் முன்னிலையில் படமெடுத்துக்கொள்வது பின்னாளில் வலுவான சான்றாகும்.

திரை இருண்டிருப்பது எப்போதும் பழுதின் அடையாளமன்று. டிடிஆர்5 ராம் கொண்ட போர்டு முதல் இயக்கத்தில் நினைவகத்தோடு தன்னை இசைவித்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அதற்குள் பதறி மின்சாரத்தைத் துண்டிக்கலாகாது. பிராசஸருக்கெனத் தனியே வரும் மின் இணைப்பைச் செருகாமல் விட்டாலும், இயங்குதளத்துக்கு முன்னரே விழித்து உறுப்புகளைச் சோதிக்கும் பயாஸ் நிரல் அந்தப் பிராசஸரை அறியாத பழைய பதிப்பாக இருந்தாலும் அதே இருள்தான் தோன்றும்.

போர்டை மீண்டும் வாங்கிவிடலாம். தரவை வாங்க முடியாது. பழைய டிஸ்க் பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், அதன் திறவுகோல் பொதுவாகப் பழைய கணினியின் டிபிஎம்மோடு பிணைந்திருக்கும் என்பதால், போர்டு மாறியதும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படும். அதைத் தொலைத்தவருக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் புதிதாக உருவாக்கித் தர இயலாது. கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் வகை விண்டோஸ் உரிமமும் பழைய போர்டுக்கே உரியதாதலால், புதிய உரிமத்தின் விலையையும், டிடிஆர்5 மட்டுமே ஏற்கும் போர்டில் பழைய ராம் பொருந்தாததால் கூடும் செலவையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளில் உள்ள குறையையும் சேவையில் நேரும் குறைபாட்டையும் தனித்தனியே வரையறுக்கிறது. கட்டணம் பெற்றுப் பொருத்தித் தந்த கடை இரண்டுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது; வாங்கியவரே பொருத்தியிருந்தாலோ, குறை முன்பே இருந்தது என்று காட்டும் சுமை பெரிதும் அவர்மீது விழும். ஆதலால் பொருத்துகூலி, போர்டின் வரிசை எண், வாரண்டிக் காலம் ஆகியவை பில்லில் இடம்பெறக் கேட்பது தயங்க வேண்டிய செயலன்று. பில் தர மறுப்பதே அச்சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் கண்ட காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அவ்வாறே. பிழைப்புக்காகத் தாமே டிடிபி மையம் நடத்துபவரும் இச்சட்டத்தின் நுகர்வோரே.

கடை இணங்காதபோது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அணுகலாம். அதிலும் தீராவிடில், வழக்கெழும் காரணம் நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள், கடை எந்த ஊரில் இருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையிலானால் கட்டணமில்லை. பழுதின் காரணம் பற்றித் தகராறு எழுந்தால், பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

கழற்றிய பழைய போர்டு, விலையில் கழித்துக்கொள்ளப்படாத வரை, உரிமையாளருக்கே சொந்தம். புதிய போர்டில் டிஸ்க் திறந்து, கோப்புகள் அனைத்தும் சரிபார்க்கப்படும் வரை அதைக் கடையில் விட்டுவரலாகாது. மீட்புச் சாவி இல்லாதவருக்கு, அந்தப் போர்டையே மீண்டும் பொருத்துவதுதான் டிஸ்க்கைத் திறக்க எஞ்சிய வழியாக இருக்கக்கூடும்.