பனியின்மேல் போட்ட பழி

சேர்வராயன் மலையில் காப்பிப் பழப் பறிப்பு மும்முரமாக நடக்கும் மார்கழி, தை மாதங்களில் வெள்ளக்கடைப் பக்கத்துப் பெண்கள் வைத்தியரைத் தேடி வருவதில்லை. பறிப்பு ஓய்ந்து, கூலிக் கணக்கும் தீர்ந்த பிறகே, ஒருபுறமாகச் சாய்ந்துவிட்ட விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வருகிறார்கள். "எத்தனை நாளாக அம்மா?" என்றால், "பனி விழ ஆரம்பிச்சதிலிருந்துங்க ஐயா" என்பதே விடை. எந்த வருஷத்துப் பனி என்று மறுபடி கேட்கும்போதுதான், அது இவ்வருஷத்ததுமன்று, சென்ற வருஷத்ததுமன்று என்பது வெளிப்படும்.

பனி குற்றவாளியன்று

ஏறத்தாழ 5,000 அடி உயரத்து ஏற்காட்டுக் குளிர் இருக்கிற வலியை மிகுத்துக் காட்டுமேயன்றி, இல்லாத நோயை உண்டாக்காது. உண்டாக்குமாயின், கீழே வெயிலில் வேகும் சேலத்தில் முடக்குவாதமே இருத்தலாகாது. காலையில் எழுந்ததும் இரு கை விரல்களும் விறைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் குவளையைப் பற்ற முடியாவிட்டால், அது சரவாங்கி என்று நம்மவர் வழங்கும் முடக்குவாதமாக இருக்கக்கூடும். உடலைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டின் உட்சவ்வைப் பகையென்று எண்ணித் தாக்குவது அது. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியும் பற்றுவது.

மேடு ஏறி இறங்குகையில் வலித்து, உட்கார்ந்தால் தணியும் முழங்கால் வலியோ பெரும்பாலும் வயதும் பளுவும் சேர்ந்து விளைத்த தேய்மானம். நள்ளிரவில் காற்பெருவிரல் தீப்பட்டாற்போல் சிவந்து, போர்வை படுவதையும் பொறாதிருப்பது யூரிக் அமிலத்தின் வேலை. சாராயம் அதற்குத் தோழன். இம்மூன்றையும் 'வாயு' என்ற ஒரே சொல்லில் அடக்கி ஒரே தைலத்தைத் தேய்ப்பது என்ன நியாயம்? காய்ச்சலுடன் ஒரே மூட்டு கொதித்து வீங்குமாயின் தைலத்தைத் தொடாதீர்கள். சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

கிழங்கும் பொட்டலமும்

பாறையிலும் மரத்திலும் படர்ந்து, ரோமம் போர்த்த ஆட்டுக்கால் போலத் தோன்றும் முடவாட்டுக்கால் கிழங்கின்மேல் எனக்குப் பகையில்லை. மிளகும் பூண்டும் இட்ட அதன் சூப்பை ஏற்காட்டுக் குளிரில் நானும் ருசித்திருக்கிறேன். ஆயினும் அது விரல் கோணுவதைத் தடுத்ததற்குச் சான்றில்லை. சூப்பை நம்பிக் கழித்த மாதங்களில்தான் மூட்டு அரிக்கப்படுகிறது.

என் பொறுமையைக் குலைப்பது வேறொன்று: கடையில் கேட்டு வாங்கும், பெயரே எழுதாத மாத்திரைப் பொட்டலம். ஒரே நாளில் வலி பறந்ததென்றால், அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். அந்த அற்புதத்தின் விலையோ, முகம் ஊதி, சர்க்கரை ஏறி, எலும்பு நொறுங்கும்போதுதான் தெரிகிறது. நெடுநாள் உண்டவர் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மற்ற வலி மாத்திரைகளை வெற்றிலை பாக்குப்போல நாளும் விழுங்கிவந்தால், வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். வைத்தியர் தந்த மருந்தையும் தம் இஷ்டப்படி உண்பாருண்டு: வாரத்தில் ஒரே நாள் உண்ண வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டை நாள்தோறும் உண்பது உயிருக்கே கேடு.

வலி எவ்வகையது என்று வைத்தியர் கண்டறியப் பெரும்பாலும் இரத்தப் பரிசோதனையும், வேண்டின் எக்ஸ்ரேயும் போதும்.

ஒரு வேண்டுகோள்

உடற்பருமனைக் குறையுங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பளு குறையும். வலிக்கிறதென்று அசையாது படுத்துவிடாதீர்கள். 2021 முதல் நடைபெறும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு, கேட்டுப் பெறுங்கள். முடக்குவாதத்தை முதற்சில மாதங்களிலேயே பிடித்தால் விரல்களைக் காக்கலாம். கோணிய விரலை எம்மருந்தும் நிமிர்த்தாது. ஆகவே தாய்மார்களே, பறிப்பு முடியட்டும் என்று காத்திராதீர்கள். வரும்போது அந்தப் பொட்டலத்தையும் மறைக்காமல் எடுத்து வாருங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.