வேர்ப்புழுவைத் தேடிப் போகும் நூற்புழு

வாடி நிற்கும் கரும்புத் தூரைப் பிடித்து இழுத்தால் சிரமமில்லாமல் கையோடு வந்துவிடும். அடியில் வேர் இருக்காது. அந்த இடத்தைக் கிளறினால், அரைவட்டமாகச் சுருண்ட கொழுத்த வெள்ளைப் புழு கிடக்கும். கோடை மழைக்குப் பிறகு மண்ணிலிருந்து கிளம்பி, அந்தியில் வேப்பமரத்தை மொய்க்கிறதே வண்டு, அதன் பிள்ளை இது. வேர்ப்புழு. நிலக்கடலையையும் விடாது. மண்ணுக்குள் கிடப்பதால், மேலே தெளிக்கும் மருந்து இதை எட்டுவது கடினம். ஆனால், மருந்து எட்டாத ஆழத்துக்கும் தானே ஊர்ந்து போய் இதைக் கொல்லும் உயிர் ஒன்று உண்டு. அதுவும் ஒரு புழுதான், நூற்புழு.

நூற்புழு என்றதும் தக்காளி, கத்தரி வேரில் முடிச்சுப் போடும் எதிரிதான் விவசாயிக்கு நினைவு வரும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நான் சொல்லும் ஸ்டைனெர்னிமா, ஹெட்டெரோராப்டிடிஸ் வகைகள் செடியைத் தொடுவதில்லை. அவற்றுக்கு வேண்டியது பூச்சியின் உடல் மட்டுமே.

மண்ணில் இரை தேடி அலைவது இவற்றின் இளம்பருவம். நீளம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இந்தப் பருவத்தில் அது எதையும் தின்னாது; சேர்த்து வைத்த கொழுப்பைக் கொண்டு காலம் தள்ளும். பூச்சி விடும் மூச்சுக்காற்றின் தடம் பிடித்துப் போய் வாய், ஆசனவாய், மூச்சுத் துளை என்று கிடைத்த வழியில் உள்ளே நுழையும். ஹெட்டெரோராப்டிடிஸுக்கு ஒரு குட்டிப் பல்லும் உண்டு. மெல்லிய தோலாக இருந்தால் கிழித்துக்கொண்டே போய்விடும்.

ஆனால் கொல்லும் வேலையில் பெரும்பங்கு அதன் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்குத்தான். உள்ளே போனதும் நூற்புழு அதைப் பூச்சியின் இரத்தத்தில் விடும். பெரும்பாலும் இரண்டு நாளில் பூச்சி செத்துவிடும். பாக்டீரியா பெருகி உடலைக் கூழாக்க, நூற்புழு அதைத் தின்று குட்டிகளைப் பெருக்கும். வேறு கிருமிகள் நுழைந்து பிணத்தை அழுக வைக்காதபடி பாக்டீரியா நுண்ணுயிர்க்கொல்லிகளையும் சுரக்கிறது. இந்தக் கூட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நூற்புழு இல்லாமல் பாக்டீரியா அடுத்த பூச்சிக்குப் போக முடியாது. பாக்டீரியா இல்லாமல் நூற்புழுவுக்கு விருந்தில்லை. இவ்வகைப் பாக்டீரியாவில் கிடைத்த டாரோபாக்டின் என்ற பொருளை, மனிதருக்கான புதிய மருந்தாகலாம் என்ற நம்பிக்கையுடன் 2019இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

செடிகளும் இந்த நூற்புழுக்களைக் கூப்பிடுகின்றன. வேரைப் புழு கடித்ததும் சில மக்காச்சோள வகைகள் மண்ணில் ஒரு வாசனைப் பொருளை விடுகின்றன. அந்த வாசனையைத் தேடி நூற்புழு வருகிறது. 2005இல் வெளியான இந்த ஆய்வில் ஒரு வேதனையும் இருந்தது. ஆராய்ந்த வட அமெரிக்க ரகங்கள் அந்த அழைப்பை இழந்திருந்தன.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. கோயம்புத்தூரில் கரும்பின் நுனிக்குருத்துப் புழுவிலிருந்து எடுத்த நூற்புழு ஒன்று, 1992இல் ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா என்று அறிவியல் பெயர் பெற்றது. வெப்பம் தாங்கும் இந்த இனம் இன்று வேர்ப்புழுவுக்கு எதிராகத் தூள் வடிவில் பயன்படுகிறது.

ஏக்கருக்கு வழக்கமான அளவு சுமார் 100 கோடி நூற்புழுக்கள், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25. எண்ணிக்கையைவிட முக்கியம், டேங்கில் இருப்பது உயிர் என்பதை மறக்காமல் இருப்பது. வெயில் பட்டால் சாகும். காய்ந்த மண்ணில் நகராது. முதலில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி, பொழுது சாயும்போது ஊற்ற வேண்டும். தெளிப்பானில் நுண்ணிய வடிகட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். பிறகும் சில நாட்களுக்கு ஈரம் காயக்கூடாது. இலை மேல் வாழும் பூச்சிகளிடம் இதே பலனை எதிர்பார்க்க முடியாது. இலை சீக்கிரம் உலர்ந்துவிடும். மண்புழுவுக்கும் மாட்டுக்கும் நமக்கும் இதனால் தீங்கில்லை.

ஒரு வாரம் கழித்துத் தூரைக் கிளறிப் பாருங்கள். செங்கல் நிறத்தில், நாற்றமில்லாமல் ஒரு வேர்ப்புழு செத்துக் கிடந்தால் அது ஹெட்டெரோராப்டிடிஸின் வேலை. இருட்டில் வைத்தால் மங்கலாக ஒளிரவும் செய்யும். அதை வரப்பில் வீசிவிடாதீர்கள். ஆய்வகத்தில் ஒரே மெழுகுப்புழுவிலிருந்து லட்சத்துக்கும் மேல் நூற்புழுக்கள் வெளியேறுகின்றன. எடுத்த இடத்திலேயே புதைத்து, ஈர மண்ணால் மூடிவிடுங்கள்.