வர்த்தமானி மழையைத் தடுக்காது: மந்திரிமனையும் ஒரு மரபுரிமை மையத்தின் வேலையும்

2025 செப்டெம்பரில் பெய்த மழையில் நல்லூர் மந்திரிமனையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதற்கடுத்த சில நாட்கள் அந்தப் படங்கள் முகநூலில் சுற்றிக்கொண்டிருந்தன. தொல்லியல் திணைக்களம் எங்கே, மாநகர சபை எங்கே, பல்கலைக்கழகம் எங்கே என்று கேள்விகள் எழுந்தன. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அந்தக் கட்டடம் ஒரே இரவில் விழவில்லை. பருத்தித்துறை வீதியால் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கத்தான் அது பல வருடங்களாகச் சிதைந்துகொண்டிருந்தது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று அரசாங்கம் அறிவித்த ஒரு கட்டடம் எப்படி எல்லோர் கண்முன்னாலும் விழுகிறது?

நல்லூர் இராசதானியின் அமைச்சர் ஒருவர் வாழ்ந்த மனை என்பது ஊர் வழக்கு. இன்று நிற்கும் கட்டடத்திலோ ஐரோப்பியர் காலத்து வளைவுகளும் திராவிடப் பாணித் தூண்களும் கலந்திருக்கின்றன. 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அரசின் மாளிகை அப்படியே எஞ்சியிருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்படி இருந்தால்தான் அதற்கு மதிப்பு என்றும் இல்லை. சங்கிலியன் தோப்புத் தோரண வாயில், யமுனா ஏரி, மந்திரிமனை மூன்றும் ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. நல்லூர் ஒரு தலைநகராக இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் கையால் தொட்டுக் காட்ட இவற்றை விட்டால் வேறு அதிகம் இல்லை.

சட்டத்தைப் பார்ப்போம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அது 1815 மார்ச் 2 ஐ ஒரு கோடாக வைத்திருக்கிறது. அதற்கு முந்தியவை தொல்பொருட்கள். பிந்திய கட்டடம் என்றால் அமைச்சர் வர்த்தமானியில் தனியாக அறிவிக்க வேண்டும். அந்தத் திகதி கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். யாழ்ப்பாணத்துக்கு அது எந்த வகையிலும் எல்லைக் கோடு அல்ல. இங்கே பிரித்தானியர் 1795 இலேயே வந்துவிட்டார்கள். அமெரிக்க மிஷனரிகள் வந்தது 1816 இல். ஆகவே அவர்கள் புதிதாகக் கட்டியவை எல்லாம் ஓராண்டு வித்தியாசத்தில் கோட்டுக்கு வெளியே போகின்றன. பழைய கச்சேரியும் 19 ஆம் நூற்றாண்டின் கல்வீடுகளும் அப்படித்தான்.

வர்த்தமானியில் பெயர் வந்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னம் ஒன்றை அனுமதிப்பத்திரம் இல்லாமல் இடிக்கவோ, மாற்றவோ, திருத்தவோகூட முடியாது. தடுப்பதில் சட்டம் பலமானது. ஓடு மாற்றவும் சுவரில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கவும் யார் காசு தருவது என்று வரும்போதுதான் இழுபறி. யாழ்ப்பாணக் கோட்டை அரசின் கையில் இருந்தது. அதனால் போர் முடிந்த பின் நெதர்லாந்தின் உதவி வந்தது, வேலை தொடங்கியது. மந்திரிமனை நிற்பது தனியார் காணியில். அங்கே உரிமையாளர், திணைக்களம், உள்ளூராட்சி மன்றம் ஆகிய மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் 'ஓம்' சொல்ல வேண்டும். ஒருவர் தயங்கினாலும் அடுத்த மாரி வந்துவிடுகிறது.

அந்தத் தயக்கத்தை வெறும் அலட்சியம் என்று ஒதுக்குவது சரியல்ல. வடக்கிலும் கிழக்கிலும் தொல்லியல் திணைக்களத்தின் பெயர்ப்பலகை ஒரு காணியில் நடப்பட்டால் சனம் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. குருந்தூர்மலையையும் வெடுக்குநாறிமலையையும் பார்த்தவர்கள் நாங்கள். 2020 இல் கிழக்கு மாகாணத்துக்கென ஒரு தொல்லியல் செயலணியை ஜனாதிபதி நியமித்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. 'பாதுகாப்பு' என்ற சொல் காணி பறிபோவதற்கான முன்னறிவித்தலாகக் கேட்கிற ஊரில், தன் வீட்டைப் பதிவு செய்யுங்கள் என்று எவரும் தாமாகப் போய்க் கேட்கப் போவதில்லை.

உள்ளூர் அமைப்பு ஒன்றின் தேவை இங்கேதான் வருகிறது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் முன்னின்று நடத்தும் யாழ்ப்பாண மரபுரிமை மையம் சில வருடங்களுக்கு முன் சங்கிலியன் தோரண வாயிலைத் தொல்லியல் திணைக்களத்துடன் சேர்ந்து புனரமைத்தது. வாயில் சின்னதுதான். ஆனால் திணைக்களத்தின் நிபுணத்துவமும் ஊரவரின் நம்பிக்கையும் நன்கொடையும் ஒரே இடத்தில் சந்திக்கலாம் என்பதை அது காட்டியது. இப்படியான சங்கங்களின் முதன்மை வேலை கல் அடுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் அவற்றின் முதன்மை வேலை பேசுவது: உரிமையாளரிடம் உங்கள் உறுதி உங்களிடமே இருக்கும் என்று விளக்குவது, திணைக்களத்தில் கோப்பை நகர்த்துவது, வெளிநாட்டில் இருக்கிற நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டுவது. படம் எடுத்துப் போட ஏற்ற வேலை இல்லை என்பதால் இதற்குப் பாராட்டும் குறைவு.

சின்னங்களைவிடப் பெரிய இழப்பு வீடுகளில் நடக்கிறது. நடுவில் முற்றமும் சுற்றிவர விறாந்தையுமாக இருந்த நாற்சார் வீடுகள் வண்ணார்பண்ணையிலும் நல்லூரிலும் ஒவ்வொன்றாக மறைகின்றன. எந்த வர்த்தமானியிலும் அவை இல்லை. எல்லாவற்றையும் குண்டு கொண்டுபோகவில்லை. பலவற்றை உறுதிச் சிக்கல் கொண்டுபோனது. தேசவழமைப்படி சீதனமாகவும் முதுசமாகவும் கைமாறி வந்த வீடு இன்று ஐந்து பேரின் பிரிபடாத பங்காக இருக்கும். ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் கொழும்பில். கூரை ஒழுகினால் யார் ஓடு மாற்றுவது? ஆளுக்காள் பார்த்துக்கொண்டிருக்க வளை உக்கிவிடும். பிறகு விற்பதுதான் வழி, வாங்குபவருக்குத் தேவை காணி மட்டும்.

திருத்த விரும்புகிறவர்களுக்கும் ஒரு பொறி இருக்கிறது. அது சீமெந்து. பழைய சுவர்கள் முருகைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தவை. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே எடுத்து வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் சுவருக்குள் அடைபடுகிறது. கல்லில் உள்ள உப்பு அந்த ஈரத்தில் கரைந்து, உலரும்போது படிகமாகி, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளுகிறது. இரண்டு மூன்று மாரிக்குள் சுவர் முன்பிருந்ததைவிட மோசமாகிவிடும். அக்கறையோடு செய்த திருத்தமே சுவரைக் கெடுத்த கதை இப்படித்தான் நடக்கிறது. சுண்ணாம்பை நீற்றி, புளிக்கவைத்து, பதம் பார்த்துப் பூசத் தெரிந்த மேசன்மாரோ குறைந்துவிட்டார்கள். தெரிந்தவர்களிடம் இளையவர் சிலரைப் பழக்குவது ஒரு கட்டடத்தைத் திருத்துவதைவிட அவசரமான வேலை என்று எனக்குப் படுகிறது.

காசு குறைவாக உள்ள சங்கமும் உடனே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு: அளந்து வரைதல். ஒரு வீட்டின் தரைப்படம், கதவு யன்னலின் அளவு, தூணின் போதிகை, கூரை மரத்தின் பொருத்து, வீட்டின் மூத்தவர் சொல்லும் கதை, உறுதியில் உள்ள ஆண்டு. அளவு நாடாவும் கமராவும் வைத்திருக்கும் நாலு மாணவர் இரண்டு நாளில் ஒரு வீட்டை முடிக்கலாம். இதற்கு வர்த்தமானி தேவையில்லை, காணியில் பலகை நடத் தேவையில்லை, வீட்டுக்காரரின் சம்மதம் போதும். அந்த வீடு நாளைக்கு விற்கப்பட்டாலும் எதை இழந்தோம் என்பதாவது தெரியும். மந்திரிமனையில் விழுந்த பகுதியை மீளக் கட்டுவதென்றால், அதற்கும் முதலில் தேவைப்படுவது விழுவதற்கு முன் எடுத்த அளவுகள்தான்.